புகைபோக்கியை நிமிர்த்திய கதை

அனல்மின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த காலம். மேலதிகாரி தேவசகாயம் ஒரு காலையில் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார்.

"சாய்ஞ்சு நிக்குது. சாயங்காலத்துக்குள்ள நிமிர்த்தலேன்னா உங்க நாற்பது பேருக்கும் வேலை கிடையாது."

கொத்தனாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சித்தாள் பேச்சிக்கனி மட்டும் வானத்தைப் பார்த்துவிட்டு, "கயிறு போட்டு இழுத்திருவோம், ஐயா. எம்புட்டுன்னு நீங்க சொல்லணும்" என்றாள்.

மாலையில் நாற்பது பேரும் இழுத்தார்கள். தலைமைப் பொறியாளரையும் கூட்டிவந்திருந்த தேவசகாயம், மேலேயே பார்த்தபடி, "இன்னும் கொஞ்சம்... போதும். இப்பதான் நேரா நிக்குது" என்று தீர்ப்புச் சொன்னார். படித்த கண் அல்லவா.

தலைமைப் பொறியாளர் கயிற்றைப் பார்த்தார். "மறுமுனையை எங்கேம்மா கட்டியிருக்கீங்க?"

"புகைபோக்கிக்குப் பின்னால இருக்க பனைமரத்துல, ஐயா. காலையில மேகம் ஓடுனதுல புகைபோக்கி சாயிற மாதிரி தெரிஞ்சுது. இப்ப மேகம் இல்லை. பனைமரத்துக்குத்தான் பாவம், எதுக்கு இழுத்தோம்னே தெரியாது."