நேரில் வர வேண்டாம்

மடத்தின் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அன்னதானக்கூடம் மூன்றையும் ஒரே செயலிக்குள் கொண்டுவந்தவர் தாணு. மடத்துக் காரியதரிசி. குருவான அடிகளைவிட வயதில் மூத்த சீடர்.

யாருக்கு எது வேண்டுமானாலும் செல்போனில், அந்தச் செயலியில் பதிய வேண்டும். தாணு தம் அறையில் இருந்தபடியே அனுமதி கொடுப்பார். பச்சைக் குறி விழும், பொருள் போய்ச் சேரும். தகராறு ஒழிந்தது. கூடவே, அவர் அறைக்கு ஈ காக்கை வருவதும் நின்றுபோனது.

ஒருநாள் சாயங்காலம் அடிகளின் முன்னால் வந்து நின்றார்.

"சாமி, எனக்கு விடை கொடுங்க. காசிப் பக்கம் போயிடுதேன்."

"இங்க என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. எல்லாம் தானா நடக்கு. பேச்சுத்துணைக்குத்தான் ஆள் இல்ல. இந்தத் தனிமை தாங்க முடியல சாமி."

அடிகள் "பேராச்சியம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

பேராச்சியம்மாள் அன்னதானக்கூடத்துத் தலைமைச் சமையல்காரி. முன்பெல்லாம் அரிசிக்கு அனுமதி கேட்டுத் தினமும் தாணுவின் அறைக்கு வருவாள். கேட்டதில் பாதிதான் கிடைக்கும். ஒரு மூச்சு சண்டை போடுவாள். போகும்போது, "ஏலே தாணு, நீ சாப்பிட்டியா?" என்று கேட்காமல் போகமாட்டாள். காரியதரிசியை 'ஏலே' போட்டுக் கூப்பிட அந்த மடத்தில் அவளைத் தவிர ஆள் கிடையாது.

தாணு செல்போனைத் தடவிப் பார்த்தார். "ஆச்சி நல்லா இருக்கா சாமி. காலைலகூட ரெண்டு மூட்டை அரிசி கேட்டிருக்கா. குடுத்தாச்சு."

"வாங்க, பார்த்துட்டு வருவோம்."

அடுப்படியில் இசக்கி என்கிற சமையல்காரர் சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தார்.

"ஆச்சி எங்கப்பா?" என்றார் தாணு.

"ஊருக்குப் போயி ரெண்டு மாசம் ஆச்சுய்யா. கண்ணு சுத்தமாத் தெரியாமப் போச்சு. அது பேர்லயேதான் நான் சாமான் கேட்டுட்டு இருக்கேன்."

தாணுவுக்குச் சுருக்கென்றது. "எங்கிட்ட ஏம்ப்பா சொல்லல?"

"பேரை மாத்தணும்னு செயலில போட்டேனேய்யா. பச்சை வந்துச்சு. பேருதான் மாறல."

"ஆச்சியாவது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா?"

"சொல்லத்தான் வந்துச்சு. நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். உங்க ரூம் கதவு சாத்தியிருந்துச்சு. அதுல ஒட்டியிருந்ததை ஆச்சிக்கு வாசிச்சுக் காட்டினேன். 'நேரில் வர வேண்டாம், செயலியில் பதியவும்'னு. 'சரி, அவனுக்கு ஆயிரம் சோலி'ன்னுட்டுப் போய் பஸ் ஏறிருச்சு."

தாணு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். வெட்கம் பார்க்காமல் அழுதார்.

"சாமி, இந்தச் செயலியை நிறுத்திரட்டுமா?"

"எதுக்கு? அரிசி கேட்டாங்க, அரிசி வந்துச்சு. அது ஒழுங்காத்தான் வேலை பார்க்கு."

இசக்கி அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனார். அடுப்படியில் அவர்கள் இருவரும்தான்.

"நாளைக்கு ஆச்சி ஊருக்குப் போறேன் சாமி" என்றார் தாணு. "போய் முதல்ல என்ன சொல்லட்டும்?"

"அவங்களுக்குத்தான் கண் தெரியாதே. முதல்ல, நீங்க யாருன்னு சொல்லுங்க."