உச்சிக்குக் கொஞ்சம் முன்னால்

சுகுணாவிடம் எஞ்சின் வேலை கற்றுக்கொள்ள வந்தவர்களில் ராக்கியப்பன்தான் வயதில் மூத்தவர். சுகுணாவைவிடவே இருபது வயது பெரியவர். பம்புசெட் கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சூலூருக்குக் கிழக்கே, கைவிடப்பட்ட விமானத் திடலின் ஓரத்தில் இருந்த அவளுடைய கொட்டகைக்கு ஒருநாள் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"எனக்குச் சொல்லித் தருவீங்களா, அம்மிணி?"

"கையக் காட்டுங்கண்ணா," என்றாள் சுகுணா. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நாளைக்கு வாங்க."

அன்றிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

கொட்டகையின் நடுவில், இரும்புத் தாங்கியில், ஒரு பழங்கால விமானத்தின் எஞ்சின் நின்றது. சுற்றிலும் ஒன்பது சிலிண்டர்கள், பூவிதழ் மாதிரி. மற்ற எஞ்சின்களில் சிலிண்டர் நிற்கும், நடுத்தண்டு சுழலும். இதில் நேர்மாறு. தண்டு அசையாது, விசிறியோடு சேர்ந்து ஒன்பது சிலிண்டரும் அதைச் சுற்றிவரும். யாரோ ஒரு செல்வந்தர் அதை மறுபடி ஓடவைத்துத் தரும்படி சுகுணாவிடம் ஒப்படைத்திருந்தார்.

பங்குனியில் ராக்கியப்பன் சில நாள் வரவில்லை. பிறகு தாடியோடு வந்தார். சுகுணா அவரை உட்காரவைத்தாள். ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"தம்பி போயிட்டானுங்க."

"கேள்விப்பட்டேங்கண்ணா."

அவர் டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அம்மிணி, ஒரு காரியத்துக்கு இதுதான் சரியான நேரம்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?"

"என்ன காரியம்?"

அவர் சொன்னார். தம்பி ஆறுச்சாமி போர்வெல் லாரி ஓட்டியவன். ராக்கியப்பனின் மனைவி இறந்தபோது அவன் சத்தீஸ்கரில் ஏதோ காட்டுக்குள் இருந்தான். செய்தி எட்டி, கிடைத்த வண்டியிலெல்லாம் ஏறி அவன் ஊர் வந்து சேர்ந்தபோது சாம்பலைக் கரைத்தாகிவிட்டது. அண்ணி கையால் சோறு தின்று வளர்ந்தவன். கிரீஸ் படிந்த சட்டையோடு வாசலில் நின்று, "அண்ணா," என்றான். ராக்கியப்பன் "வா" என்று சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். அவன் வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனான்.

"அடுத்த மாசமே மனசு எளகிருச்சுங்க. போய்ப் பேசிரலாம்னு நெனச்சேன். திதி வரட்டும், அதச் சாக்கா வெச்சுக் கூப்படலாம்னு இருந்தேன். திதி வந்துச்சு. கூட்டத்துல எதுக்குன்னு விட்டுட்டேன். அப்பறம் மாரியாத்தா நோம்பி. அப்பறம் அவன் மகளுக்குக் கல்யாணம். எல்லாமே சரியான நேரமாட்டத்தான் இருந்துச்சுங்க. அடுத்தது இன்னும் சரியா இருக்கும்னும் தோணுச்சு."

டீயின் மேல் ஆடை படிந்திருந்தது.

"வண்டி ஓட்டிட்டு இருக்கறப்பவே நெஞ்சப் புடிச்சிருக்கான். ஓரமா ஒதுக்கி நிறுத்தி, பிரேக்கையும் போட்டுட்டுத்தான் போயிருக்கான்."

சுகுணா எழுந்தாள். எஞ்சினின் அருகே போய் ஒரு சிலிண்டரைத் தொட்டாள்.

"இன்னைக்கு டைமிங் வெக்கணும். இதுக்கு உச்சி எங்கேன்னு பாருங்கண்ணா."

சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறி ஏறி, இனி ஏற இடமில்லை என்று நின்று, இறங்கத் தொடங்குகிற புள்ளிதான் உச்சி. அது தெரிந்தால்தான் தீப்பொறி எப்போது விழவேண்டும் என்று கணக்கு வைக்க முடியும்.

ராக்கியப்பன் சிலிண்டரின் தலையில் பொறி விழும் பிளக்கைக் கழற்றினார். அந்த ஓட்டை வழியாக ஒரு மெல்லிய கம்பியை விட்டு, பிஸ்டனின் தலையில் நிற்கவைத்தார். எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றினார். கம்பி மேலே வந்தது. நின்றது. பின்னால் அசையாமல் இருந்த தகட்டில் பென்சிலால் கோடு போட்டார்.

"இங்கீங்க."

"இன்னொருக்கா பாருங்க."

மறுபடி சுற்றினார். கோடு வேறு இடத்தில் விழுந்தது. மூன்றாம் தடவை அதுவும் இல்லாமல் நடுவில் எங்கோ விழுந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் இரும்போடு புழங்கிய கை.

"உச்சிகிட்ட வந்தா கம்பி அசையவே மாட்டேங்குது, அம்மிணி. நாம சுத்திட்டேதான் இருக்கறோம், அது நின்ன மாதிரியே இருக்குது. எங்க கோடு போட்டாலும் உச்சியாட்டவே தெரியுது."

"ஆமாங்கண்ணா. அங்க நின்னுட்டுப் பாத்தா தெரியாது."

அவள் கம்பியை வாங்கி, அரத்தால் அதில் ஒரு சின்ன வெட்டுப் போட்டாள். திரும்பச் செருகினாள். கம்பி ஏறும்போது வெட்டு ஓட்டையின் விளிம்புக்கு வந்த இடத்தில் நிறுத்தித் தகட்டில் ஒரு கோடு. உச்சியைத் தாண்டவிட்டாள். கம்பி இறங்கும்போது அதே வெட்டு அதே விளிம்புக்கு வந்தது. அங்கே ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவை அளந்து மூன்றாவதாக ஒன்று போட்டாள்.

"இதுதான்."

ராக்கியப்பன் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போட்ட மூன்று கோடுகளும் அதன் இரு பக்கமும் கிடந்தன.

"அப்ப, தாண்டிப் போனாத்தான் தெரியும்."

"தாண்டினாத்தான் தெரியும்."

"தெரிஞ்சு என்னங்க பண்றது?"

சுகுணா எஞ்சினின் பின்பக்கம் போனாள். பொறி கொடுக்கும் பெட்டியின் திருகைத் தளர்த்தினாள்.

"எங்க பத்த வெக்கலாம், சொல்லுங்க."

அவர் உச்சிக் கோட்டில் விரலை வைத்தார்.

அவள் அந்த விரலைப் பிடித்துப் பின்னால் நகர்த்தினாள். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், பிஸ்டன் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"இங்கே."

"இன்னும் மேல வரலீங்களே. இது சீக்கிரமில்லீங்களா?"

"நெருப்பு பரவறதுக்கு நேரம் வேணுமில்லீங்களா. உச்சிக்கு வந்தப்பறம் பத்த வெச்சா, அது புடிக்கறதுக்குள்ள பிஸ்டன் கீழ எறங்கிரும். வெறும் புகைதான்."

ராக்கியப்பனின் விரல் அந்த இடத்திலேயே இருந்தது.

"தம்பி அப்படித்தானுங்க வந்தான்," என்றார். "எனக்கு ஆத்திரம் அடங்காதப்பவே வந்து நின்னான். கொஞ்சம் பொறுத்து வந்திருக்கலாம்ல, என்ன அவசரம் இவனுக்குன்னு நெனச்சேன்."

சுகுணா திருகை இறுக்கினாள். இருவரும் அடுத்த சிலிண்டரைச் சரிபார்த்தார்கள். வால்வுகளின் இடைவெளியைப் பார்த்தார்கள். மத்தியானம் ஆயிற்று. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும்போதுதான் ராக்கியப்பன் மறுபடி வாயைத் திறந்தார்.

"தம்பிக்கு ஒரு பையன் இருக்கறானுங்க. தரணின்னு பேரு. எழவுக்குப் போனப்ப அவன் என்னை வாங்கன்னு சொல்லல. மூஞ்சியத் திருப்பிட்டான். அவங்கம்மாதான் உள்ள கூட்டிட்டுப் போச்சு."

"ம்."

"அவன்கிட்டயாச்சும் பேசணும்."

"பேசுங்கண்ணா."

"இப்பப் போனா வாசல்லயே நிறுத்திருவானுங்க. கண்ணப் பார்த்தாலே தெரியுது. அப்பன் நின்ன மாதிரி நானும் நிக்கணும். கொஞ்ச நாளு ஆகட்டும், அவனுக்குக் கோவம் தணியட்டும். அப்பறமாப் போலாம்னு இருக்கறேன்."

சுகுணா அவர் கையிலிருந்த தூக்கை வாங்கி மூடினாள். ஆணியில் மாட்டியிருந்த அவருடைய சட்டையை எடுத்து நீட்டினாள்.

"கோவம் தானாத் தணிஞ்சப்பறம் போறதுக்கு நீங்க எதுக்குங்கண்ணா?"