முப்பது ஆள் உயரத் தண்ணீர்

சொற்களுக்குக் கால் முளைத்து, அவை ஊர் ஊராக நடந்து செய்தி சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது ஒரு தாய்க்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் நேர்ச்சொல். அடுத்தவள் உவமை. கடைக்குட்டி உருவகம்.

நேர்ச்சொல் கண்டதைக் கண்டபடி சொல்வான். ஒரு முழத்தை ஒன்றேகால் முழம் என்று அவன் வாய் சொன்னதே இல்லை. தங்கைகள் இருவரும் பூவும் பொட்டுமாகத் திருவிழாவுக்குப் போகத்தான் லாயக்கு என்பது அவன் எண்ணம்.

ஒரு பெருமழைக்குப் பின் மலை சரிந்து ஆற்றை அடைத்துக்கொண்டது. மேலே தண்ணீர் தேங்கி ஏரியானது. கீழே செம்பாறைப்பட்டியில் நாலு நாளாக ஆறு வற்றிக் கிடந்தது. சனங்கள் குட்டைகளில் துள்ளிய மீனை அள்ளினார்கள். வெறும் மணலில் மஞ்சள் உலர்த்தினார்கள்.

சரிந்து கிடந்த மண் உச்சிப்பொழுதுக்குள் உடைந்துவிடும் என்று கண்ட நேர்ச்சொல், விடிந்ததும் செம்பாறைப்பட்டிக்கு ஓடினான். தங்கைகள் தாங்களும் வருவதாகச் சொன்னார்கள். உயிர் போகிற காரியத்தில் அலங்காரத்துக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டான். அவர்கள் பத்தடி தள்ளிப் பின்னாலேயே வந்தார்கள்.

ஊர்த்தலைவி கொளஞ்சி மஞ்சள் கிளறிக்கொண்டிருந்தாள். உச்சிப்பொழுதில் முப்பது ஆள் உயரத்துக்குத் தண்ணீர் வரும் என்று அவளிடம் சொன்னான். அவள் மரியாதையாகக் கேட்டாள். சரிங்க என்று தலையாட்டினாள். மறுபடி மஞ்சளைக் கிளறினாள். அவள் நம்பாமல் இல்லை. அந்த ஆறு எந்த வெள்ளத்திலும் இடுப்புக்கு மேல் ஏறியதில்லை. முப்பது ஆளை ஒருவர்மேல் ஒருவராக நிறுத்த அவள் மனதில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

உவமை பொறுக்கமாட்டாமல் முன்னால் வந்தாள். கரும்புக் காட்டுக்குள் யானைக் கூட்டம் இறங்குவது போலத் தண்ணீர் வரும் என்றாள்.

அதை ஊர்க்காரர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். ஊரே எழுந்தது. நேர்ச்சொல்லுக்கே வியப்பாக இருந்தது. ஆனால் எழுந்தவர்கள் மலைப்பக்கம் திரும்பவில்லை. வீட்டுக்குப் போய்த் தப்பட்டையும் தீப்பந்தமும் எடுத்துவந்து ஆற்றங்கரையில் வரிசையாக நின்றார்கள். யானையை அப்படித்தானே விரட்டுவார்கள்?

"போல என்றுதானே சொன்னேன்" என்று உவமை கையைப் பிசைந்துகொண்டு அழுதாள்.

வெயில் ஏறிவிட்டது. நேர்ச்சொல் கடைசித் தங்கையைப் பார்த்தான். அவளிடம் அவன் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

"நீ சொல்லம்மா."

உருவகம் கொளஞ்சியிடம் போய், அவள் அடித்துக்கொண்டிருந்த தப்பட்டையின்மேல் கையை வைத்தாள். சத்தம் நின்றது.

"இது ஊர் இல்லை அக்கா. ஆறு. நாலு நாள் வெளியே போயிருந்தது. இப்போது வீட்டுக்குத் திரும்பி வருகிறது."

கொளஞ்சி திரும்பித் தன் தெருவைப் பார்த்தாள். கதவுகளை, கிணற்றை, புளியமரத்தில் கட்டிய தூளியை. ஒவ்வொன்றையும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். தப்பட்டை கையிலிருந்து நழுவியது.

"பிள்ளைங்களத் தூக்குங்க" என்றாள்.

அதன்பின் நேர்ச்சொல் இல்லாமல் ஒன்றும் நடக்கவில்லை. எந்தப் பாதை, எவ்வளவு தூரம், எங்கே வழுக்கும் என்பதெல்லாம் தங்கைகளுக்குத் தெரியாது. பிறவியிலேயே பார்வையில்லாத பூவாயியின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் முன்னே ஏறினான். மூன்று எட்டில் ஒரு கல், வலப்பக்கம் பள்ளம், இனி பதினாறு படி என்று சொல்லிக்கொண்டே போனான். அவள் ஓர் இடத்திலும் இடறவில்லை. ஊர் மொத்தமும் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு ஏறியது.

உச்சிப் பாறையில் கடைசி ஆள் கால்வைத்தபோது ஆற்றை அடைத்திருந்த மண் உடைந்தது.

முதலில் பாறை அதிர்ந்தது. பிறகுதான் சத்தம் வந்தது. தண்ணீர் எழுந்து நின்றபடியே வந்தது. வேரோடு பெயர்ந்த மரங்கள் அதற்குள் நிமிர்ந்தவாக்கில் நகர்ந்தன. மூச்சை இழுத்தபோது ஊர் இருந்தது. விட்டபோது இல்லை. யாரும் அழவில்லை. கைக்குழந்தைகள்கூட வாயை மூடிக்கொண்டு பார்த்தன.

பூவாயி அவன் கையை அசைத்தாள். "என்னங்க அது? எனக்குஞ் சொல்லுங்க."

"முப்பது ஆள் உயரம் இருக்கும்" என்று தொடங்கினான். அதற்குமேல் குரல் எழவில்லை. சொன்ன அளவில் பிழை இல்லை. ஆனால் எதிரே நின்றது அந்த அளவுக்குள் நிற்கவில்லை. தங்கைகளைத் திரும்பிப் பார்த்தான். அவர்களும் பேச்சற்று நின்றிருந்தார்கள்.

"மலை வாயைத் திறந்திருக்கிறது, அம்மா" என்றான். "நாம் அதன் நெற்றியில் உட்கார்ந்திருக்கிறோம்."

பூவாயி உள்ளங்கையால் பாறையை ஒருமுறை தடவினாள். பிறகு, நெற்றியில் கால் படக் கூடாதென்று, இரண்டு பாதங்களையும் மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.