கப்பித்தான் நட்ட கல்

தூரத்தில் ஒரு பாய்மரம் தெரிந்தால் போதும், உண்டுகொண்டிருக்கும் சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் கடற்கரைக்கு ஓடுகிற ராஜா ஒருவன் முன்னொரு காலத்தில் கொற்றந்துறையை ஆண்டுவந்தான். சேந்தமாறன் என்று பெயர். நல்லவன்தான். ஆனால் புதுசாக ஒன்றைக் கண்டால் புத்தி எங்கோ போய்விடும்.

அவன் காலத்தில்தான் கடலைச் சுற்றிக்கொண்டு ஒரு பறங்கிக் கப்பல் வந்து நின்றது. அதன் தலைவன் கப்பித்தான் கஸ்பார், ராஜாவுக்கு ஒரு சிவப்பு வெல்வெட் தொப்பி கொடுத்தான். சித்திரை வெயிலில் வியர்வை கண்ணுக்குள் இறங்குகிறது, ராஜா அதைக் கழற்றுவேனா என்கிறான்!

"பதிலுக்கு என்ன வேண்டும்? கேளும்!" என்றான்.

"எங்கள் ராஜா பெயர் வெட்டிய ஒரு கல்லைக் கரையில் நட்டுக்கொள்கிறேன். வேறொன்றும் வேண்டாம்" என்று துபாஷி மூலம் சொன்னான் கப்பித்தான்.

"மகாராஜா, எதற்கென்று ஒரு வார்த்தை..." என்று இழுத்தார் மந்திரி அம்பலக்கூத்தர்.

"ஒரு கல்லுக்கா இத்தனை யோசனை!" என்று குறுக்கே விழுந்தார் சபைப் பிரபு மழவராயர். மந்திரி பதவிமேல் ரொம்ப நாளாக ஒரு கண் அவருக்கு. தினமும் கப்பலில் விருந்து வேறு. ராஜா வாளைத் தொட்டுச் சத்தியமே செய்துவிட்டான்: "என் நாட்டார் யாரும் அந்தக் கல்லைத் தொடமாட்டார்கள். எடுக்கச் சொல்லவும் மாட்டார்கள்."

கல் நின்ற மறுநாளே பரதவப் பெண்கள் கூட்டமாகச் சபைக்குள் நுழைந்தார்கள். முன்னால் நின்றவள் வலம்புரி.

"ராசா, கருவாடு காயப்போட்டா அந்தப் பறங்கி ஆளுங்க தொரத்துறாங்க! கல்லு நட்ட கரையெல்லாம் அவங்க ராசாவுக்காம். அடுத்த காத்துக்கு நூறு கப்பல்ல வாராங்களாம். பேரு வெட்டிக் கல்லு நட்டிருக்கேன்னு, யாரோ செத்துட்டாங்கன்னுல்ல நாங்க கும்பிட்டு நின்னோம்!"

ராஜாவுக்கு முகம் செத்துப்போயிற்று. "சத்தியம் செய்துவிட்டேனே! அம்பலக்கூத்தரே, கப்பல் புறப்படுவதற்குள் கல் போக வேண்டும். நம் கை படக்கூடாது, எடு என்று வாயும் திறக்கக்கூடாது. முடியாவிட்டால் உம் முத்திரை மோதிரத்தை மழவராயரிடம் கொடுத்துவிடும்!"

மழவராயர் அப்போதே தம் விரலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அம்பலக்கூத்தருக்கு மோதிரம் பெரிதாகப் படவில்லை. அந்தக் கரை போனால் இந்தப் பெண்கள் எங்கே போவார்கள் என்பதுதான் கவலை. ஆனால் வலம்புரி கடைசியாகச் சொன்ன வார்த்தை அவர் மனதில் சட்டென்று பற்றிக்கொண்டது. வெளியே வந்து அவளிடம் மெதுவாகக் கேட்டார்:

"கும்பிட்டீர்களே, அழுதீர்களா?"

"அழலையே சாமி."

"ஏன் அழவில்லை?"

வலம்புரிக்கு அவர் நினைப்பது பிடிபட்டுவிட்டது. வாய்விட்டுச் சிரித்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கரைக்கு ஓடினாள்.

அடுத்து மழவராயரிடம் போனார் மந்திரி. "கல்லில் கப்பித்தானின் ராஜா பெயர் இருக்கிறதே, பார்த்தீரா? நம் ஊரில் பெயர் வெட்டிக் கல் நட்டால் என்ன அர்த்தம்?"

"ஐயையோ! அந்த ராஜா போய்விட்டாரா?" என்று அலறினார் மழவராயர். மந்திரி ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "கப்பித்தானுக்கு உம்மைவிடச் சிநேகிதர் யார்? இந்த நேரத்தில் முன்னால் நிற்பவரை அவர் மறப்பாரா?" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

அன்று கடற்கரையைப் பார்க்க வேண்டுமே! பறை முழங்குகிறது, சங்கு ஊதுகிறது, பெண்கள் கல்லைச் சுற்றி உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள். மாலுமிகள் முதலில் சிரித்தார்கள். அப்போது பார்த்து வந்து சேர்ந்தார் மழவராயர், தலையும் மொட்டை, மீசையும் மொட்டை! "போய்விட்டீரே மகாராஜா!" என்று மணலில் புரண்டார். தங்களோடு உட்கார்ந்து உண்ட மனிதர் இப்படி அழுதால் மாலுமிகள் என்ன நினைப்பார்கள்? ஒருவன் தொப்பியைக் கழற்றினான். இன்னொருவன் விம்மினான். "புது ராஜா யார்? உடனே ஊருக்குத் திரும்புவோம்!" என்று கப்பலே கலகலத்துப்போயிற்று.

பாதி மூட்டைகளைக் கப்பலில் ஏற்றியிருந்த மிளகு வியாபாரிகள், மீதியைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார்கள். "செத்தவர் பேரில் சரக்கு ஏற்ற மாட்டோம்."

கஸ்பார் மந்திரியிடம் தலைதெறிக்க ஓடிவந்தான். "எங்கள் ராஜா உயிரோடு இருக்கிறார்! சொல்லுங்கள் இவர்களிடம்!"

"நான் சொல்லி என்ன பயன்?" என்றார் அம்பலக்கூத்தர். "வாள் பிடித்துச் செத்தவனுக்குத்தான் இங்கே பெயர் வெட்டிக் கல் நடுவோம். அது நிற்கிறவரை அழுவது எங்கள் வழக்கம். அந்தக் கல்லைத் தொடவோ எடுக்கச் சொல்லவோ எங்களுக்கு அனுமதியில்லை. சத்தியம் இருக்கிறது."

வலம்புரி அடுத்த ஒப்பாரியை இன்னும் உரக்க எடுத்தாள்.

கப்பித்தான் பல்லைக் கடித்தான். "தோண்டுங்கள்!" என்று தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினான். மாலுமிகள் விழுந்தடித்துக்கொண்டு தோண்டினார்கள். கல் படகில் ஏறியதும் ஒப்பாரி நின்றது. மூட்டைகள் மறுபடி கப்பலுக்கு நகர்ந்தன.

"எங்கள் கடவுளுக்கும் இங்கே இடமில்லையா?" என்று வெடுக்கென்று கேட்டான் கஸ்பார்.

"ஏன் இல்லை? கோயிலும் பள்ளிவாசலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற துறை இது. உங்கள் மாலுமிகள் கும்பிட ஒரு கூரை போட்டுக்கொள்ளுங்கள். சாமி வரலாம், சரக்கு வரலாம். கரையைக் கேட்டு மட்டும் யாரும் வரவேண்டாம்."

மணலில் உட்கார்ந்திருந்த மழவராயர் மூக்குக்குக் கீழே தடவித் தடவிப் பார்த்தார். கரைக்கு வந்திருந்த ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "மழவராயரே, மீசை வளர்கிறவரை வீட்டிலேயே இரும். அம்பலக்கூத்தரே, என்ன பரிசு வேண்டும்?"

"அடுத்த தடவை இந்தக் கரையைப் பற்றி யார் எது கேட்டாலும், வலம்புரியைக் கேட்காமல் தாங்கள் வாளைத் தொடக்கூடாது."

ராஜா அவளைப் பார்த்தான். "சரி" என்றான்.

வலம்புரி எழுந்து போனாள். கல் இருந்த குழியைத் தூர்க்க வந்த ஆட்களைத் தடுத்து நிறுத்தினாள். "நல்லா ஆழமாத்தான் தோண்டியிருக்கான். தோணி கட்டத் தறிக்கட்டையைக் கொண்டாங்க!" என்றாள். அன்று மாலை அவள் வீட்டுத் தோணியை அந்தக் குழியில் நட்ட தறியில்தான் கட்டினார்கள்.