மடங்காத சட்டை

பவானிப் பக்கம் துணிப்பர்ஸ் தைக்கிற பட்டறை ஒன்று. முதலாளி கிருபாகரனுக்கு எதுவும் மொடமொடவென்று நிற்க வேண்டும். தையல்காரி அஞ்சுகம் பர்ஸுக்குள் விறைப்புக்கு வைக்கும் கேன்வாஸில் மெல்லிசை எடுத்து ஒட்டுவதைப் பார்த்துவிட்டார்.

“பர்ஸா புள்ள இது, பழந்துணியா? இருக்கிறதுலயே தடியான கேன்வாஸை ஒட்டு. இல்லீன்னா நாளையிலிருந்து வராத.”

“அது மடங்காதுங்க. வாயைத் திறந்து கையை விட முடியாதுங்க.”

“எனக்கே சொல்லித் தர்றியா?”

“சரிங்க,” என்றாள். ஆனால் விடுவதாக இல்லை.

மறுநாள் பர்ஸுக்கு ஆர்டர் கொடுக்கக் கடைக்காரம்மா வருகிறார். அதற்காக முதலாளி தைக்கக் கொடுத்த புதுச்சட்டை அவள் மேசையில்தான் இருந்தது. தடி கேன்வாஸின் பசைப்பக்கத்தைச் சட்டைத்துணியின் உள்பக்கம் வைத்து, ஈரத்துணி விரித்து, இஸ்திரிப்பெட்டியை இழுக்காமல் அழுத்தி அழுத்தி எடுத்தாள். மார்பு, முதுகு, கை, ஓரிடம் பாக்கியில்லை.

காலையில் சட்டை மொடமொடத்தது. அதை மாட்டிக்கொண்ட முதலாளிக்கு வாயெல்லாம் பல். கடைக்காரம்மா வந்தார், டீயும் வந்தது. முதலாளி கிளாஸைப் பிடித்தார், முழங்கை மடங்கவில்லை. உதடு நீண்டது, கிளாஸ் வந்து சேரவில்லை.

“சட்டைக்குள்ள என்ன புள்ள வெச்ச?”

“நீங்க சொன்ன கேன்வாஸ்தானுங்க. பர்ஸுக்கும் இதே கதிதானுங்க.”

கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே மெல்லிசிலேயே இருநூறு பர்ஸ் கேட்டார்.

“மெல்லிசே போடு அஞ்சுகம்,” என்றார் முதலாளி. “அதுக்கு முன்ன கத்திரியை எடுத்து இந்தச் சட்டைக்கையை வெட்டி விடு. டீ ஆறுது.”