ஏங்கன்னு கூப்பிட்டா எவன் திரும்புவான்?

ஒரு ஊர்ல ஒரு வடிவு இருந்தா. தென்காசிப் பக்கம். நல்லாத்தான் இருந்தா, கல்யாணம் பண்ணி ப்ளேன்ல ஏத்தி அமெரிக்காவுக்கு அனுப்பிட்டாங்க. புருஷன் பேரு தில்லை. அங்க போய்ப் பட்டாளத்துல சேந்தவன். இவ போய் இறங்கி, பெட்டியைப் பிரிச்சு, புளி எங்க கிடைக்கும்னு விசாரிக்கறதுக்குள்ள அவனைப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

ம் சொல்லு தாயி. இல்லேன்னா கதை நின்னுரும்.

"ம்."

அப்புறம் வடிவு மாசக்கணக்கா தனியா கிடந்தா. அங்க என்ன குளிருங்கற! அடுப்புல ரசம் கொதிக்கும்போதே மேலாக்க உறைஞ்சுரும். அதைத் தோசை மாதிரி திருப்பிப் போட்டுத்தான் இறக்கணும். என் கண்ணால பாத்தேன்.

"நீங்க அமெரிக்கா போனதே இல்லையே தாத்தா."

குறுக்க பேசாத. அப்போ ஒருநாள், ட்ரிங் ட்ரிங். தில்லை.

"வடிவு, பயிற்சி முடிஞ்சுது. நாளைக்கு மைதானத்துல வரிசையா நிப்போம். நீ வந்து என்னைத் தொடணும்."

"என்னது?"

"தொட்டாத்தான் அசையலாம். அதுவரைக்கும் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, கண்ணை உருட்டக்கூடாது. இங்க வழக்கம் அப்படி. சாயங்காலத்துக்குள்ள தொட்டுட்டா ஒரு வாரம் உன்கூட இருக்கலாம். இல்லேன்னா பஸ்ல ஏத்தி வேற முகாமுக்குக் கொண்டுபோயிருவாங்க. அப்புறம் எப்ப பாப்போமோ தெரியாது."

"நாலு பேரு முன்னாடி எப்படிங்க தொடறது?"

"நாலு பேரு இல்ல. நாலாயிரம் பேரு."

டொக். போனை வச்சுட்டான்.

மறுநாள் வடிவு சேலை கட்டி, அதுக்கு மேல கம்பளிக்கோட்டு மாட்டி மைதானத்துக்குப் போனா. போனா, தலை கிறுகிறுன்னு சுத்திருச்சு. எல்லாரும் ஒரே பச்சைச் சட்டை, ஒரே தொப்பி, ஒரே மொட்டை. தில்லையோட அடையாளம் என்ன? சுருட்டை முடி. சிரைச்சாச்சு. மீசை. அதையும் சிரைச்சாச்சு. எல்லாரும் மரம் மாதிரி நிக்கான். போன வருஷம் தொட ஆளில்லாம நின்னவன் தலையில மைனா கூடு கட்டி, குஞ்சு பொரிச்சு, குஞ்செல்லாம் பறந்தும் போச்சாம். அவன் இன்னும் அங்கேயே நிக்கான்.

"பொய்!"

ம் சொல்லச் சொன்னா பொய்ங்கறியே. கேளு. முதல்ல என்ன பண்ணினா? புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்ல. "ஏங்க!"ன்னா. ஒருத்தனும் அசையல. "ஏங்கோவ்!"னு சத்தமா கூப்பிட்டா. கிழக்க இருந்த ஒரு நாய் மட்டும் திரும்பிப் பாத்துச்சு.

அப்புறம் சட்டையைப் பாத்தா. ஒவ்வொருத்தன் நெஞ்சுலயும் பேரு தைச்சிருக்கு. வில்சன். கார்சியா. லீ. தில்லைன்னு ஒரு நெஞ்சும் இல்ல. தேடிக்கிட்டே வந்தவ ஓரிடத்துல திடுக்குன்னு நின்னுட்டா. ஆறுமுகப்பெருமாள்! பேரு நெஞ்சுல ஆரம்பிச்சு, கக்கத்துக்குள்ள நுழைஞ்சு, முதுகுல போய் முடியுது.

அது வடிவோட மாமனார் பேரு! ஊர்ல அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே உள்ள ஓடிப்போயிருவா. அந்தப் பேரைப் பாத்ததும் தலை தானா குனிஞ்சுருச்சு. முகத்தைப் பாக்கவே இல்ல. "வாங்க மாமா"ன்னு முணுமுணுத்துட்டு விறுவிறுன்னு ஒதுங்கிப் போயிட்டா.

"தாத்தா! அது தில்லை—"

ஷ்! வடிவுக்குக் கேட்டுரும்.

அப்போ பாத்தா, மத்தவங்க ஆளெல்லாம் வந்து தட்டறாங்க, கட்டிப் பிடிக்கறாங்க, கூட்டிட்டுப் போறாங்க. மைதானம் காலியாகுது. பொழுது சாயுது. அந்தப் பக்கம் பஸ்ஸு, பாம் பாம்! யாரும் வராத பயலுகதான் மிச்சம்.

வடிவு கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, உயரம் சரியா இருந்த ஒருத்தனைத் தொட்டுட்டா. அவன் "ஹோ!"ன்னு குதிச்சான். பாத்தா கார்சியா! அவன் அம்மா எங்கயோ தூரம், வர முடியல. "தாங்க்யூ மேடம், தாங்க்யூ மேடம்"னு அழறான். தப்பா தொட்டுட்டேனேன்னு இவ அழறா. ரெண்டு பேரும் ஏன் அழறாங்கன்னு ரெண்டு பேருக்கும் தெரியல.

ம்?

"ம்ம்..."

அப்போதான் அவளுக்கு ஒரு யோசனை. மிச்சம் இருக்கற எல்லாரையும் தொட்டுட்டா? நம்மாளு தானா நம்மகிட்ட வந்துருவாரே! முந்தானையை இடுப்புல சொருகினா. டப், டப், டப், டப்! தொட்டவன் எல்லாம் துள்ளறான். சார்ஜண்ட் ஓடி வந்தார்.

"ஏம்மா, இதுல யாரு உன் புருஷன்?"

"அதைத்தான் சார் நானும் கேக்கேன்!"

எல்லாரும் அவளைச் சுத்தி நிக்கறாங்க. தில்லை மட்டும் இல்ல. வரிசையில ஒரே ஒருத்தன் பாக்கி. மாமனார் பேரு போட்டவன். அவனை எப்படித் தொடுவா? மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல! அவனோ சிரிக்கவும் முடியாம கத்தவும் முடியாம நிக்கான். கன்னத்துல தண்ணி மட்டும் இறங்குது.

டுர்ர்ர்... பஸ் கிளம்பப் போகுது. வடிவுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. வேற வழி தெரியல. குனிஞ்ச தலை நிமிராம ஓடி அந்தப் பேருக்கு முன்னால நெடுஞ்சாண்கிடையா விழுந்தா.

"மாமா, உங்க பிள்ளையை நான் தொலைச்சுட்டேன். கிடைக்கணும்னு ஆசீர்வாதம் பண்ணுங்க"ன்னு ரெண்டு கையாலயும் அந்தப் பூட்ஸைத் தொட்டுக் கும்பிட்டா.

தொட்டாளா இல்லையா?

"தொட்டுட்டா!"

அப்போ மேல இருந்து ஒரு குரல். "எந்திரி வடிவு. கால் மரத்துப் போச்சு."

நிமிந்து பாத்தா, உரிச்ச பனங்கிழங்கு மாதிரி தில்லை!

"ஏங்க! மாமா பேரை எதுக்கு மாட்டிக்கிட்டு நிக்கீங்க?"

"இங்க அப்பா பேருதான் எனக்குப் பேரு. எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடறான்."

"அப்ப நான்?"

"நீ மிஸஸ் ஆறுமுகப்பெருமாள்."

"ஐயையோ! அது அத்தைல்லா!"

தில்லை மொட்டையைச் சொறிஞ்சான். "ஆமால்ல... அப்ப நான் உனக்கு என்ன முறை?"

அவளுக்கும் தெரியல. சார்ஜண்ட்டுக்கும் தெரியல. பஸ்ஸு ஆளில்லாமப் போயிருச்சு. ரெண்டு பேரும் விரல் விட்டு முறை சொல்லிப் பாத்துக்கிட்டே வீடு வந்து சேந்தாங்க.

கதை வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிச்சு தாயி. நீயும் கண்ணைச் சாத்து.