தெருக்குத்து மனை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. இப்போ காதைக் கொடுங்க, பதிலை அப்புறம் கேட்கிறேன்.

கோவில்பட்டிக்கு வெளியே வேலாண்டி அண்ணாச்சி கரிசல் காட்டை வாங்கி மனை போட்டு விற்றார். ஒரே ஒரு மனை மட்டும் விலை போகாமல் நின்றது. நீளமான தெரு ஒன்று நேராக வந்து அதன் நெற்றியில் முட்டும். தெருக்குத்து. குடியிருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று பாதி விலைக்கும் ஆள் வரவில்லை. மற்ற மூன்று பக்கமும் வீடுகள் எழும்பிவிட்டன. வாசலைத் திருப்பவும் வழியில்லை.

அண்ணாச்சிக்கே அந்தப் பயம் உண்டு. "தெரு வீட்டைக் குத்தாம இருக்க வழி சொல்றவங்களுக்குத்தான் கொடுப்பேன். ஒரு குடும்பம் கெட்டா அந்தப் பாவம் என் தலையிலே."

மூன்று பேர் வந்தார்கள்.

துபாயிலிருந்து திரும்பிய சேர்மக்கனி, "முன்னாடி பூராவும் பெரிய சுவரா எழுப்பிடுறேன்" என்றான்.

"உள்ளே எப்படிப்பா போவே? ஏணி வச்சா?"

தரகர் அய்யாத்துரை, "பிள்ளையாரை வச்சிருவோம் அண்ணாச்சி. விலை ஏறினதும் கைமாத்திருவேன்" என்றார்.

"நீரு போயிருவீரு. பிள்ளையாருக்கு விளக்கு யாரு போடுவா?"

மூன்றாவது ஆள் தையல்காரி பேச்சித்தாய். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான். சந்துக்குள் சந்து; துணி கொண்டு வருகிறவர்கள் வழி தெரியாமல் திரும்பிப் போவார்கள். எந்த வீட்டுக்காரரும் சுவரில் ஆணி அடிக்க விட்டதில்லை. செத்துப்போன புருஷன் படம் டிரங்குப் பெட்டியில், சேலைக்கு அடியில் கிடந்தது. படுத்ததும் வெறுஞ்சுவரைப் பார்ப்பாள். எந்த இடத்தில் மாட்டினால் அவர் முகம் நன்றாகத் தெரியும் என்று.

அவள் சொன்னாள்: "தெரு வரட்டும் அண்ணாச்சி. நேரா என்கிட்டேயே வரட்டும்."

"சரியாப்போச்சு, வினையைக் கூப்பிட்டு விருந்து வைக்குது இந்தம்மா" என்று அய்யாத்துரை சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

இப்போ நீங்க சொல்லுங்க: மனை யாருக்குப் போச்சு? குத்த வருகிற தெருவை அவள் ஏன் கூப்பிட்டாள்?

பேச்சித்தாய்க்குத்தான் போச்சு. முன்பக்கம் தையல் கடை, அதன் முதுகுக்குப் பின்னால் வீடு. "வீட்டுக்குத்தான் அது குத்து அண்ணாச்சி, கடைக்கு அது வரவு" என்றாள். தெருவின் அந்தக் கோடியில் திரும்பும்போதே அவள் பலகை கண்ணில் படும். இனி யாரும் வழி தேட வேண்டாம். காதில் கழுத்தில் கிடந்ததெல்லாம் போய்த்தான் சுவர் எழும்பியது. பால் காய்ச்சிய அன்று எல்லாரும் அடுப்பைச் சுற்றி நின்று அவளைத் தேடினார்கள். அவள் உள்ளறையில், சுத்தியலை ஓங்கி, பூச்சு காயாத புதுச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள்.